செக்கர் பீஸைத் துடைக்கக் கூடாது

பெங்களூர் பெங்களூர் என்று ஒரே ஒரு ஊர். அந்த ஊரிலே அடுகோடி, அடுகோடியிலே ஒரு சந்து, சந்துக்குள்ளே பழைய கேமராக்களைப் பழுது பார்க்கிற ஒரே ஒரு கடை. கடைக்குள்ளே ஆறு நாற்காலி. ஆறிலும் ஆள் இருந்த ஒரு வியாழக்கிழமை காலையில், பதினேழாம் நம்பர் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு கோவிந்தப்பா என்கிறவர் பக்கத்து நாற்காலியிடம் பேசிக்கொண்டிருந்தார். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் செக்கராக இருந்து, செப்டம்பர் கடைசியில்தான் ரிட்டயர் ஆனவர். செக்கர் என்றால், மெஷினிலிருந்து வருகிற ஒவ்வொரு பீஸையும் அளந்து பார்த்து, ஆகும், ஆகாது என்று சொல்கிறவர். வேறு வேலை அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் வந்ததும் இல்லை. பக்கத்து நாற்காலியில் சுப்ரியா என்றொரு பெண், கழுத்தில் ஆபீஸ் அட்டை, மடியில் பை, பதினாறாம் டோக்கன். அவள் உட்கார்ந்து அரை மணி ஆகியிருந்தது. பேச அவளுக்கு இன்னும் முறை வரவில்லை.

"...மங்கலும்மா. சும்னே லேசா மங்கல் இல்ல. மார்கழி விடியக்காலைல லால்பாக்குக்குள்ள போயி நின்னா எப்டி இருக்கும், அப்டி. மேல இன்னா எழுதிக்குது தெரியுமா, பன்னெண்டு மெகாபிக்சல். எழுதறதுக்கு இன்னாம்மா. எங்க வூட்டு கதவுல நான்கூட விதான சௌதான்னு எழுதிக்கலாம். உள்ள போயி பாத்தா எம் பொண்டாட்டி எல்லம்மாவும் நானுந்தான் இருப்போம்.

நீங்க சொல்லுவீங்க, கை ஆடியிருக்கும் பெரியவரேன்னு. எல்லாரும் அதான் சொல்றாங்க. முப்பத்தொரு வருசம் வெர்னியர் புடிச்ச கைம்மா இது. மயிரிழைல பாதிய அளக்கும். இருந்தாலும் சரி, நம்மள நாமளே நம்பக்கூடாது, செக்கருக்கு அதான் மொத பாடம். அதனால கேமராவ நான் கைல புடிக்கவே இல்ல. அரிசி டின்னு மேல வச்சேன். டைமர் போட்டேன், பத்து செகண்டு. பட்டன அமுக்கிட்டு நான் பாட்டுக்கு போயி பாத்ரூம் கதவாண்ட நின்னுக்கினேன். கேமராவுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல. அப்பவும் மங்கல். இதுக்கு எந்த கை ஆடுச்சு? அரிசி ஆடுச்சா?

எதிர் செவுத்துல பேப்பர் ஒட்டினேன். ஞாயித்துக்கிழம வருதே, மாப்பிள பொண்ணு தேடற பக்கம். எதுக்கு அதுன்னா, எழுத்து அதுலதான் ரொம்ப பொடிசு. நடுவுல ஒரு பொண்ணு, நாலு மூலைல நாலு பொண்ணு, செகப்பு பேனால வட்டம் போட்டேன். எல்லம்மா வந்து பாத்துட்டு, இந்த வயசுல யாருக்கு பாக்கறேன்றா. லென்சுக்கு பாக்கறேண்டின்னேன். லென்சுன்னா, கேளுங்கம்மா, நடுவுல பளிச்சுனு இருக்கும், மூலைக்கு போகப்போக கொஞ்சம் சுமாராவும். அது ஒத்துக்கலாம். இல்லாட்டி ஒரு பக்கமா இழுக்கும். அதுவும் ஒரு கோளாறு, பேரு வச்சி எழுதலாம். இது நடுவும் மங்கல், மூலையும் மங்கல், சமமா. எந்த பொண்ணு எம்.காம், எந்த பொண்ணு பி.காம்னு படிக்க முடியல. இவ்ளோ ஒழுங்கா ஒரு கோளாற நான் பாத்ததே இல்ல.

அப்பால ஐ.எஸ்.ஓ. பாக்டரி வாசல்ல போர்டு மாட்டி வைப்பாங்களே, அந்த ஐ.எஸ்.ஓ இல்ல. நான் அதுன்னுதான் நெனச்சிக்கினு, பரவால்ல, சர்ட்டிபிகேட் வாங்கின கேமரான்னு ரெண்டு நாள் பெருமையா இருந்தேன். இது உள்ள இருக்குது. நூறு, எரநூறு, நானூறுன்னு ஏத்திக்கினே போலாம். ஏத்த ஏத்த இருட்டுலயும் படம் வரும், ஆனா ரவ கொட்டின மாதிரி புள்ளி புள்ளியா வரும். சரி, அது ஞாயம். ரவ வர வேண்டிய எடத்துல ரவ வந்துச்சு. ஓகே போட்டேன். ரவ மேல பால ஊத்தின மாதிரி ஒண்ணு வருதே, அது இன்னான்றதுதான் என் கேள்வி."

உள்ளேயிருந்து பதினைந்தாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். ஒருவர் எழுந்தார். அவரோடு வந்த மனைவியும், அவருக்குப் பக்கத்திலிருந்த வேறு யாரோ ஒருவரும் சேர்ந்து எழுந்தார்கள். அந்த வேறு யாரோ டோக்கன்கூட எடுத்திருக்கவில்லை. மூன்று நாற்காலி காலி. கோவிந்தப்பா கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் சுற்றிச் சுற்றித் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, திரும்ப மாட்டிக்கொண்டார். அரை மணி நேரத்தில் இது நாலாவது தடவை.

"கலர் பாக்கணுமில்ல. வெள்ள வேட்டிய விரிச்சி, அதுமேல ஒரு தக்காளி, ஒரு கத்திரிக்கா, ஒரு எலுமிச்சம்பழம். மூணு செட்டு. மொத செட்டு எடுத்தேன், ரெண்டாவது எடுத்தேன், மூணாவதுக்கு வந்து பாத்தா தக்காளிய காணோம். எல்லம்மா ரசம் வச்சிட்டா. டெஸ்ட் பீஸ எடுத்து ரசம் வைக்கிறவளோட எப்டிம்மா குடும்பம் பண்றது? ரிஜிஸ்டர்ல எழுதிட்டேன். தக்காளி, குறுக்க ஒரு கோடு, ரசம். மறைக்கக் கூடாதில்ல.

பல்பு எரியறப்ப எடுத்தா சுத்தி ஒரு வட்டம் வருது, சாமி படத்துல தலைக்குப் பின்னாடி இருக்குமே, அப்டி. எல்லம்மா நின்னா எல்லம்மாவுக்கும் வருது. எனக்கும் வருது. தெருமுன இஸ்திரி போடறவர எடுத்தேன், அவருக்கும் வருது. பக்கத்து வூட்டு குளோரியா, காலேஜ் படிக்கிது, அது பாத்துட்டு, 'செம அங்கிள், கனவு மாதிரி இருக்குது'ன்னுச்சு. இந்த மாதிரி வர்றதுக்குன்னே தனியா ஒரு கண்ணாடி விக்கிதாம், மெனக்கெட்டு வாங்கி மாட்டிக்கிறாங்களாம். நீங்களும் அந்த கட்சியா? சிரிக்கிறீங்களே. இருக்கட்டும், பர்வாகில்ல. உங்க வயசு அப்டி. எனக்கு கனவு வேணாம்மா. எனக்கு எம்.காம்மா பி.காம்மான்னு தெரியணும்.

கடைசியா என்மேலயே சந்தேகம் வந்துச்சு. ஒருவேள கேமரா சரி, கண்ணுதான் கெட்டுப்போச்சோ. கண்ணாஸ்பத்திரில போயி உக்காந்து சொட்டு மருந்து வுட்டுக்கினு, எழுத்து படிச்சி, எல்லாம் பாத்தேன். டாக்டரம்மா சொல்றாங்க, இந்த வயசுக்கு இது நல்ல கண்ணு, வூட்டுக்கு போங்கன்னு. ஆக, கை சரி. கண்ணு சரி. பேப்பர் சரி. மிச்சம் இருக்கறது இன்னா? கேமரா. கேமராவ குடுத்தது யாரு? சண்முகம்.

அதுக்குத்தாம்மா வந்துக்கிறேன். ரிப்பேருக்கு இல்ல. ரிப்போர்ட்டுக்கு. லென்சுல கோளாறுன்னு ஒரு பேப்பர்ல எழுதி சீல் போட்டு குடுத்தா போதும், நான் போயிக்கினே இருப்பேன். ஞாயித்துக்கிழம ஆனேக்கல்ல அவன் பொண்ணு விஜிக்கு கல்யாணம். நான் போறனா இல்லியான்றது அந்த பேப்பர்லதான் இருக்குது.

சண்முகம் யாருன்னு சொல்லலியா? அவன் லேத்து, நான் செக்கிங். முப்பத்தொரு வருசம் எதிரெதிர் பெஞ்சு. அவன் கடைஞ்சி குடுப்பான், நான் அளப்பேன். ஆகாதுன்னா செகப்பு டேக் கட்டி அவன் ட்ரேல போடுவேன். எத்தினி கட்டியிருப்பேன். ஒரு நாள் மூஞ்ச தூக்கினதில்லம்மா. அவிழ்த்துட்டு திரும்ப கடைவான், சாப்பாட்டு மணி அடிச்சா வந்து என் டப்பாலயே கைய வுடுவான். அப்டி. நான் ரிட்டயர் ஆன அன்னிக்கி, பாக்டரில சால்வ போட்டாங்க, இவன் தனியா கூப்புட்டு இந்த கேமராவ குடுத்தான். அவன் வச்சிருந்ததுதான். 'இனிமே வூட்ல உக்காந்து எத்த அளப்ப, இத வச்சிக்கோ'ன்னான். வாங்கினேன். அழுவல. கிட்டத்தட்ட.

ஐப்பசில விஜிக்கு நிச்சயதார்த்தம். போட்டோக்கு ஆள் சொல்லலாம்னு பாத்தான் சண்முகம். நான் வுடல. அண்ணன் நான் இருக்கேன், ஆள் எதுக்குடான்னேன். அந்த பொண்ணு என்னிய பெரியப்பான்னு கூப்புடுது. நூத்தி நாப்பது போட்டோம்மா. பொண்ணுக்கு பூ வைக்கிறது, தட்டு மாத்தறது, மாப்பிள மோதரம் போடறது, எல்லாம் பொறுக்கி பொறுக்கி எடுத்தேன். வூட்டுக்கு வந்து டீவில போட்டு பாத்தா, நூத்தி நாப்பதும் பனி. விஜி பாத்துட்டு கேக்குது, 'இதுல நான் எங்க பெரியப்பா?'ன்னு. கோவமா கேக்கலம்மா. நெசமாவே தேடிட்டு கேக்குது."

கவுண்டரில் இருந்த சௌம்யா பதினாறாம் நம்பரைக் கூப்பிட்டாள். சுப்ரியா எழுந்து போய், தன் கேமராவை வாங்கி, பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். கதவு அவளுக்கு நாலடி தூரத்தில் இருந்தது.

"வாங்க வாங்க, உக்காருங்கம்மா. ஆயிடுச்சில்ல. அடுத்தது எனக்குதான். ரிப்போர்ட்டு இங்கிலீஷ்ல குடுப்பாங்களாம், நீங்கதான் படிச்சி சொல்லணும். டேக்குனா நான் படிச்சிருவேன். ரிப்போர்ட்டு வேற.

எங்க வுட்டேன்... பனி. அன்னிலேர்ந்துதான் இந்த டெஸ்ட்டெல்லாம். எட்டு நாள். ரிஜிஸ்டர் நாப்பது பக்கம். எல்லாம் முடிச்சி, முடிவுக்கு வந்து, செகப்பு டேக் எழுதினேன். ரிட்டயர் ஆவும்போது ஒரு கட்டு கொண்டாந்துட்டேன், பழக்கம். 'படம் தெளிவில்லை. ஆகாது. வந்த எடம்: சண்முகம்.' கேமரா கயித்துல கட்டினேன். எடுத்துக்கினு ஆனேக்கல் போனேன். போன நேரம் பாத்து சம்பந்தி வூட்டுக்காரங்க அங்க உக்காந்துக்கினு காப்பி குடிக்கிறாங்க. நான் கேமராவ ஓரமா வச்சிருக்கலாம். ஆனா ரிஜெக்ட்டுனா கையோட காட்டணும்மா, தள்ளிப் போட்டா மத்த பீஸோட கலந்துரும். காட்டினேன். படிச்சும் காட்டினேன்.

சண்முகம் டேக்க பாத்தான். என்னிய பாத்தான். 'எங்கிட்ட இருந்தப்ப நல்லாதான் இருந்துச்சு'ன்னான். எல்லா ஆபரேட்டரும் சொல்றதுதான் அது. அப்பால கேமராவ என் கைலயே வச்சி, 'குடுத்தத திருப்பி வாங்க மாட்டேன். எதுல கோளாறுன்னு எழுதி வாங்கிக்கினு வா. என்னுதுன்னா நான் உன்கிட்ட மன்னிப்பு கேக்கறேன். உன்னுதுன்னா நீ கேளு'ன்னான். சொல்லிட்டு உள்ள போயிட்டான். காப்பி குடுக்கல.

நேத்து பத்திரிகை வந்துச்சும்மா. எப்டி வந்துச்சு கேளுங்க. தட்டு இல்ல, வெத்தல பாக்கு இல்ல, புருசன் பொண்டாட்டியா வந்து நிக்கல. போனு 'டிங்'குன்னுச்சு. வாட்ஸ்அப்பு. சரி, தனியா எனக்கு அனுப்பினானான்னா அதுவும் இல்ல. பாக்டரி குரூப்புல போட்டுக்கிறான். கேன்டீன்ல டீ ஊத்தறவனுக்கு வந்த அதே பத்திரிகை. எல்லம்மா சொல்றா, 'நீ வந்தா வா, வராட்டி போ, நான் பூ வச்ச பொண்ணு அது, நான் போறேன்'னு. போவட்டும். நான் போவ மாட்டேன். அவன் மன்னிப்பு கேக்கட்டும், மொத பந்தில உக்காரறேன். அதுக்குத்தான் ரிப்போர்ட்டு."

"பதினேழு" என்றாள் சௌம்யா.

கோவிந்தப்பா போய், கேமராவையும் ஒரு தாளையும் வாங்கி வந்தார். தாளைப் பார்த்தார். சீல் இருந்தது. அதில் அவருக்கு ஒரு திருப்தி. தாளைச் சுப்ரியாவிடம் நீட்டினார்.

"படிங்கம்மா. நிதானமா. அவசரமே இல்ல... லென்ஸ்... நல்லா இருக்குதா? சரி, அது மேலோட்டமா போடறது, கீழ வரும் பாருங்க. சென்சாரா? அதுவும் நல்லா இருக்குதா? ஃபோக்கஸ்... சரி. சரி. எல்லாம் சரின்னா மங்கல் எங்கேர்ந்து வருது, அத போட்டிருப்பாங்களே. 'முன்பக்க கண்ணாடியில்'... ஆங், அதான், முன்பக்க கண்ணாடி, நான் சொல்லல? 'முன்பக்க கண்ணாடியில் காய்ந்த'... இன்னா காய்ந்த? இன்னொரு வாட்டி படிங்க.

சந்தனமா.

சந்தனம்னு இங்கிலீஷ்லயே எழுதிக்கிறாங்களா, இல்ல நீங்க சொல்றீங்களா?

ஏம்மா சௌம்யா, இத யாரு எழுதினது? உள்ள இருக்கற மெக்கானிக்கா. சந்தனம்னு அவருக்கு எப்டி தெரியும்? மோந்து பாத்தாரா. சரி. தொடச்சிட்டாரா? தொடச்சிட்டு ஒரு போட்டோ எடுத்தாராமா, பாக்கறேன், குடுங்க... உங்க காலண்டரு. ராகுகாலம் ஒண்ணரையிலேர்ந்து மூணு. நல்லா தெரியுது. ஓரத்துல அச்சாபீஸ் பேருகூட தெரியுது.

இல்லம்மா, வேற யாரும் தொடல. நான் மட்டுந்தான்."

அவர் உட்கார்ந்தார். சுப்ரியா தாளை மடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மீதியிருந்த ஒரு ஆள், பதினெட்டாம் நம்பர், இந்த அமைதியைப் பயன்படுத்திக் கவுண்டருக்குப் போய், தன் பொருளை வாங்கிக்கொண்டு வெளியேறினார்.

"ஆயுத பூஜைம்மா. ரிட்டயர் ஆன மொத வாரம். பாக்டரில இருந்தா நான்தான் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைப்பேன், இந்த வருசம் இல்லியேன்னு வூட்ல இருக்கறதுக்கெல்லாம் வச்சேன். பிரிஜ்ஜு, மிக்சி, ஸ்கூட்டரு, கேஸ் சிலிண்டரு, டீவி ரிமோட்டு, என் வெர்னியரு. புதுசா வந்தது கேமரா. பூஜ போடாம எதையும் நான் தொடங்கறதில்ல. நல்லா கொழச்ச சந்தனம், மோதர வெரல்ல எடுத்து, நட்ட நடுவுல ஒரு பொட்டு, அதுமேல குங்குமம். சுவிட்சு போடாதப்ப அந்த எடத்துல ரெண்டு சின்ன தகடு மூடிக்கினு இருக்கும், வட்டமா, பாக்க அம்சமா. எல்லம்மா அப்பவே கேட்டா, 'கண்ணுல போயி வைக்கிறியே'ன்னு. நான் சொன்னேன், 'அது கண்ணு இல்லடி, நெத்தி'ன்னு.

சுவிட்சு போட்டா தொறக்கும்னு எனக்கு தெரியுமா? தொறந்து உள்ள போயி, பொட்டையும் கூட இட்டுக்கினு போயிருக்குது. மூடறப்ப ஒரு இழுப்பு, தொறக்கறப்ப ஒரு இழுப்பு. நான் எட்டு நாள் டெஸ்ட்டு பண்ணேன் பாருங்க, ஒரு நாளைக்கு அறுபது வாட்டி ஆன் பண்ணி ஆஃப் பண்ணேன். பண்ணப் பண்ண நல்லா மெழுகிக் குடுத்துருக்கறேன்.

தொடச்சி பாக்கறதுதானேன்னு கேக்கறீங்க. கேக்கலியா? பார்வ கேக்குது. எப்டிம்மா தொடைப்பேன்? செக்கர் பீஸ தொடைக்கக் கூடாது. அதான் ரூலு. வந்தது வந்தபடி பாக்கணும். தொடைச்சிட்டா அது செக்கிங் இல்ல, ரிப்பேரு. தொடைக்கறது ஆபரேட்டர் வேல. சண்முகம் தொடைப்பான், சொல்லணும் அத. எண்ணெய் பிசுக்கு இல்லாம, ஒரு துணி வச்சிக்கினு, ஒவ்வொரு பீஸா தொடச்சித்தான் என் பெஞ்சுக்கு அனுப்புவான். முப்பத்தொரு வருசம் தொடச்ச பீஸையே பாத்துப் பாத்து... தொடைக்கணும்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு மறந்து போச்சும்மா.

இப்ப இத எடுத்துக்கினு போவணும். சம்பந்தி முன்னாடி படிச்சேனே. சந்தனத்துக்கும் சீல் போட்டு குடுத்துட்டாங்க. சௌம்யா, வெறும் தூசின்னு மாத்தி ஒண்ணு... இல்லம்மா, வேணாம், நீ சாப்புட போ. நான் கேக்கல.

ஒரு ஒத்தாச பண்ணுங்கம்மா. நீங்கதான் சண்முகம்னு வச்சிக்கங்க. சும்னே உக்காந்திருந்தா போதும், அவனும் பேச மாட்டான். ஒரு வாட்டி சொல்லிப் பாத்துக்கறேன். 'டேய் சண்முகம். ரிப்போர்ட்டு வந்துடுச்சு. கேமரால ஒண்ணும் இல்லியாம், சந்தனந்தானாம். ஆனா குடுக்கறப்பவே, இந்த தகடு தொறக்கும்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா...' இல்ல. இது சரி வராது. அவன் மறுபடியும் உள்ள போயிருவான்.

'சண்முகம், மனுசன்னா தப்பு நடக்கும். தொண்ணூத்தியெட்டுல நீகூட ஒரே ஷிப்ட்டுல நாப்பது பீஸு...' அதுவும் வேணாம். அது எதுக்கு இப்ப.

இருங்க. உங்க மூஞ்ச பாத்தா வர மாட்டேங்குது. நான் இந்த பக்கமா திரும்பிக்கறேன்."

அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார். சுப்ரியா போனை எடுத்துக் காதில் வைத்தாள். போன் அடித்த சத்தம் எதுவும் இல்லை. தாளை நாற்காலியில், கேமராவுக்குப் பக்கத்தில், பறக்காதபடி வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள். சௌம்யா சாப்பாட்டு டப்பாவோடு உள்ளறைக்குப் போயிருந்தாள்.

"'டேய் சண்முகம்...' டேய்னு கூப்புடலாமா, இல்ல பேரு மட்டும் போதுமா? நீங்க இன்னா சொல்றீங்க?"

பதில் வராததில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. காலையிலிருந்தே வரவில்லை. ஆனால் மூச்சுச் சத்தமும் இல்லாமல் இருக்கவே, திரும்பிப் பார்த்தார்.

"போயிடுச்சா," என்றார். "நல்லதுதான்."

ஆளில்லாத நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தார். கேமராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"சண்முகம். கேமரா நல்லாதான் இருந்துச்சு. நான்தான் தொடைக்காம குத்தம் சொல்லிட்டேன்."

அவ்வளவுதான் இருந்தது. மேலே ஏதாவது வருமா என்று காத்துப் பார்த்தார். வரவில்லை. சொன்னது ஒரு மூச்சுக்குக்கூடக் காணவில்லை, ஆனேக்கல் வரைக்குமோ ஒரு மணி நேரப் பஸ். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வைத்திருந்தால் இந்தப் பேச்சில் வேறு என்னவெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கேமராவோடு எழுந்து, வாயைத் திறக்காமல், ஆனேக்கல் பஸ் பிடிக்க ஓசூர் ரோட்டுப் பக்கமாக நடந்தார்.